படுக்கையருகில் இருப்பவருக்குத் தெரிந்தது

ஒருவர் மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்திருந்தால், அந்த வாரம் முழுவதும் அவரைச் சுற்றி முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். காலைச் செவிலியர் வேறு, இரவுச் செவிலியர் வேறு. பணி மருத்துவர் முறை வைத்து மாறுவார். ரத்தம் எடுக்க ஒருவர் வருவார், ஸ்கேனுக்கு அழைத்துப் போக இன்னொருவர், சிறுநீரகத்தைப் பார்க்க ஒரு நிபுணர், சர்க்கரையைப் பார்க்க வேறொரு நிபுணர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செவ்வனே செய்தாலும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தகவல் கைமாறும் இடத்தில் ஏதோ ஒன்று நழுவிவிடுகிறது. சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை முழுவதையும் பார்த்தவர்கள் இருவர்தான்: நோயாளி ஒருவர், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர்.

நோயாளிக்காகப் பேசுவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மருத்துவரோடு வாக்குவாதம் செய்யும் உறவினரின் முகம். அப்படியொரு பெயர் வாங்க விரும்பாமல்தான் பலர் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ, அதனால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற அச்சம் நன்கு படித்தவர்களிடமும் இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: மருத்துவக் குழுவிடம் இல்லாத தகவல் உங்களிடம் இருக்கிறது. அதை உரிய நேரத்தில் உரியவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. குரலை உயர்த்த வேண்டிய கட்டங்கள் அரிதாகவே வரும். வரும்போது அதற்கும் ஒரு முறை உண்டு.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சில எண்களே போதும். 1999-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அதன் தொடர்ச்சியாக 2015-இல் வந்த அறிக்கை, பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது தவறான அல்லது தாமதமான நோயறிதலைச் சந்திப்பார்கள் என்றது. சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அந்தச் சிகிச்சையின் போக்கிலேயே ஏதோ ஒரு தீங்குக்கு ஆளாகிறார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவற்றில் மிகப் பல, அக்கறையற்ற மருத்துவர்களால் நேர்ந்தவை அல்ல. நேரமின்மை, களைப்பு, பாதியில் நின்றுபோன தகவல் ஆகியவற்றால் நேர்ந்தவை. அதனால்தான் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது.

முதல் இரண்டு நிமிடங்கள்

1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மருத்துவ ஆலோசனைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிய சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் இடைமறித்துவிடுவது தெரியவந்தது. நோயாளிகளைப் பேச விட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இடைமறிக்காமல் கேட்கும்படி மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு, 335 நோயாளிகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி சராசரி 92 வினாடிகள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆக, நமக்குத் தேவைப்படுவது இரண்டு நிமிடம். கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்கேற்ப முதல் வாக்கியங்களை வீட்டிலேயே யோசித்து எழுதிக்கொண்டு போவது நல்லது. "வயிறு சரியில்லை, ரொம்ப நாளாகவே இருக்கிறது" என்று தொடங்கினால், அடுத்த கேள்வியிலேயே பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூன்று வாரமாக மேல்வயிற்றில் வலி. முதலில் சாப்பிட்ட பிறகு மட்டும் வந்தது. இப்போது இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. இந்த மாதம் எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. எதுக்களிப்புக்கான மாத்திரை பத்து நாள் எடுத்தும் குறையவில்லை." எப்போது தொடங்கியது, எப்படி மாறியது, எதற்கு அடங்கவில்லை என்ற மூன்றும் இதற்குள் வந்துவிட்டன. தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் காரணமில்லாத எடைக்குறைவும் எந்த மருத்துவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்திகள். பலர் இவற்றைக் கடைசியில், கதவுப் பக்கம் போகும்போது சொல்கிறார்கள்; சிலர் சொல்வதே இல்லை.

மனதில் இருக்கும் பயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "என் தந்தைக்கு இந்த வயதில்தான் மாரடைப்பு வந்தது, எனக்கும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது" என்பது வெறும் உணர்ச்சியன்று. அது குடும்ப வரலாறு. நோயறிதலுக்கு உதவும் செய்தி.

மருத்துவர் ஒரு முடிவைச் சொன்ன பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இது வேறு என்னவாக இருக்கக்கூடும்?" பணிவாகக் கேட்கலாம், யாரையும் புண்படுத்தாது. மனித மூளை முதலில் தோன்றிய விளக்கத்தைப் பற்றிக்கொண்டு, அதற்குப் பொருந்தாத அறிகுறிகளை ஒதுக்கிவிடும் இயல்புடையது. மருத்துவரின் மூளைக்கும் விதிவிலக்கு இல்லை. மருத்துவமனையில் இது இன்னும் பெருகும்: முதல் மருத்துவர் எழுதிய "ஐயம்" அடுத்தவரின் குறிப்பில் "நோய்" ஆகிவிடும், மூன்றாமவர் அதைச் சோதித்துப் பார்க்கவே மாட்டார். "இந்த அறிகுறிகளில் எதுவாவது இந்த முடிவோடு பொருந்தாமல் இருக்கிறதா?", "எப்படி மாறினால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?" என்ற கேள்விகள் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

யார் சொன்னால் நம்புகிறார்கள் என்பதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த பெண்கள் வலிநிவாரணிக்கு 65 நிமிடம் காத்திருந்தார்கள். ஆண்கள் 49 நிமிடம். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் பெண்களில் கண்டறியப்படப் பல ஆண்டுகள் ஆவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. அதுவரை அவர்கள் கேட்பது "மாதவிலக்கு வலி இயல்புதான்" என்ற பதிலை. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், மிக முதியவர்கள் ஆகியோரின் புதிய உடல் உபாதையையும் பழைய நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இவர்களுக்குத்தான் அருகில் நின்று "இது புதிது, இதற்கு முன் இப்படி இருந்ததில்லை" என்று சொல்ல ஒருவர் மிகவும் தேவை.

காதில் விழுந்தது எவ்வளவு தங்கும்?

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிக்கு உடனடியாகவே மறந்துவிடுகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நினைவில் நிற்பதாக நினைப்பதிலும் கிட்டத்தட்டப் பாதி தவறாக இருக்கும். கெட்ட செய்தி வரும் நாளில் இது இன்னும் மோசம். நோயின் பெயரைக் கேட்ட பிறகு வேறெதுவும் காதில் ஏறாது. துணைக்குப் போகிறவர் குறிப்பெடுப்பதற்காகவே போக வேண்டும். முடிவில், "நான் புரிந்துகொண்டது சரியா என்று ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிகிற இந்த வேலை பல குழப்பங்களை அந்த அறையிலேயே தீர்த்துவிடும்.

மருந்தில் இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கக்கூடியது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்கும் கொடுக்கும்போது அதை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டும். பெரும்பாலான மாத்திரைகள் தினமும் எடுப்பவை என்பதால், எழுதுபவரோ கொடுப்பவரோ விழுங்குபவரோ பழக்கத்தில் இதையும் தினசரி மருந்தாக்கிவிடுகிறார்கள். சில நாட்களில் வாயில் புண் வரும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதை நிறுத்தத் தொடங்கும். இந்தப் பிழையால் பல நாடுகளில் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த ஒருவருக்கு மறுநாள் காலையும் அந்த மாத்திரை நீட்டப்படும்போது, "இது திங்கட்கிழமை மட்டும்தானே?" என்று கேட்க, அந்த வீட்டு ஆளைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லாமல் போகலாம்.

ஆகவே மருந்துப் பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதில் மருந்தின் மூலப்பெயர், அளவு, நேரம், எதற்காக என்ற நான்கும் இருக்கட்டும். வணிகப் பெயர் மட்டும் எழுதியிருந்தால், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உள்ளே போவது தெரியாது. பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் பழுதுள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என்று வாங்கினால் மூன்றிலும் அது இருக்கக்கூடும். கடையில் தானாக வாங்கியவை, மூலிகை மருந்துகள், வைட்டமின்கள், ஒவ்வாமை எல்லாம் பட்டியலில் இடம்பெற வேண்டும். வீடு திரும்பும் நாளில் மூன்று கேள்வி: எதை நிறுத்த வேண்டும், எதன் அளவு மாறியிருக்கிறது, எது புதிது?

அதே நாளில் இன்னொன்றும் கேட்க வேண்டும். "இன்னும் முடிவு வராத சோதனைகள் ஏதாவது இருக்கின்றனவா? வந்ததும் யார் பார்ப்பார்கள்?" திசுச் சோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை போன்றவற்றின் முடிவுகள் வர நாளாகும். நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், சோதனைக்கு எழுதிய மருத்துவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், முடிவு கணினியில் யாரும் திறக்காமல் கிடக்கும். தகவல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தான பழக்கம்.

அறிக்கைகளின் நகலை வாங்கிப் படிப்பதற்கும் இதுதான் காரணம். அமெரிக்காவில் தம் மருத்துவக் குறிப்புகளைப் படித்த 22,889 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. ஐந்தில் ஒருவர் அதில் பிழை இருப்பதைக் கண்டதாகச் சொன்னார். அப்படிக் கண்டவர்களில் பத்தில் நான்கு பேர் அதைக் கடுமையான பிழையாகக் கருதினார்கள். இல்லாத நோய் இருப்பதாக எழுதப்பட்டிருக்கும், இருக்கிற ஒவ்வாமை விடுபட்டிருக்கும், வலதும் இடதும் மாறியிருக்கும். படித்துப் பார்க்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. தன் உடலின் வரலாறு தெரிந்திருந்தால் போதும்.

நிலை மோசமாகும்போது

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். மூன்று குழந்தைகளின் மரணம் மூன்று நாடுகளில் மருத்துவமனைகளின் நடைமுறையை மாற்றியிருக்கிறது.

2001-இல் ஜோசி கிங் என்ற பதினெட்டு மாதக் குழந்தை தீக்காயங்களுக்காக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். தேறி வந்தாள். பிறகு தாகத்தால் தவிக்கத் தொடங்கினாள். குளிப்பாட்டும்போது ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சினாள். தாய் சோரல் கிங் அதைக் கண்டு, மீண்டும் மீண்டும் சொன்னார். நீர்ச்சத்துக் குறைவும் கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுக்கப்பட்ட வலிமையான வலிநிவாரணியும் சேர்ந்து குழந்தையைக் கொன்றன. உலகின் பெயர்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று அது. சோரல் கிங் அதன் பிறகு நோயாளி பாதுகாப்புக்காகவே உழைக்கத் தொடங்கினார். அவர் தூண்டுதலால் 2005-இல் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில், குடும்பத்தாரே நேரடியாக அவசர மருத்துவக் குழுவை அழைக்கும் ஏற்பாடு வந்தது.

2007-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்த ரயன் சாண்டர்ஸ், கண்டறியப்படாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றால் இறந்தான். குழந்தைக்கு மிகவும் முடியவில்லை என்று பெற்றோர் சொன்னதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 2013 முதல் அம்மாநிலத்தில் "ரயன் விதி" நடைமுறையில் இருக்கிறது. முதலில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். தீரவில்லையென்றால் பொறுப்புச் செவிலியரிடம். அதற்கும் தீரவில்லையென்றால் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துத் தனி மருத்துவ மறுஆய்வு கேட்கலாம்.

2021-இல் பிரிட்டனில் பதின்மூன்று வயது மார்த்தா மில்ஸ், வேல்ஸில் விடுமுறையின்போது சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயமடைந்தாள். லண்டன் மருத்துவமனையில் தொற்று ரத்தத்தில் பரவி, உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் ஆனது. தாய் கவலை தெரிவித்தும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரிய நேரத்தில் மாற்றப்படவில்லை. முன்பே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-இல் மரண விசாரணையில் முடிவு வந்தது. நிலை மோசமாகும்போது குடும்பத்தாரும் மறுஆய்வு கேட்க உரிமை தரும் "மார்த்தா விதி" 2024-இல் இங்கிலாந்தின் 143 மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டது.

மூன்று குழந்தைகளின் பெற்றோருமே மருத்துவம் தெரியும் என்று சொல்லவில்லை. தம் குழந்தையைத் தெரியும் என்றார்கள். அந்த அறிவுக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதை ஆய்வுகளும் இப்போது காட்டத் தொடங்கியிருக்கின்றன. மெல்போர்னின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு, "நிலை மோசமாகிறது" என்ற பெற்றோரின் கவலைக்கும் தீவிர சிகிச்சையின் தேவைக்கும் உள்ள தொடர்பு, இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் போன்றவற்றின் மாறுபாட்டைவிட வலுவாக இருந்ததைக் கண்டது. முதியவர்களுக்கும் இது பொருந்தும். தொற்றாலோ மருந்தாலோ திடீரென ஏற்படும் மனக்குழப்பம் அவர்களிடம் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. அதிலும் கத்தாமல் முரண்டாமல் அமைதியாகச் சுருண்டு கிடப்பவரை "ஓய்வெடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பரிந்துரைக்கப்படும் மிக எளிய கேள்வி குடும்பத்தாரிடம் கேட்கப்படுவது: "இவர் வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறாரா?" வழக்கம் எது என்று புதிதாக வந்த மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கட்டத்தில் பேசும் முறை வேறு. செவிலியர்களும் மருத்துவர்களும் தங்களுக்குள் அவசரத் தகவலைச் சொல்ல ஒரு வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது அது. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, இது என்னவென்று நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டுகிறேன் என்பதுதான் அந்த வரிசை. நாமும் அப்படியே பேசலாம். "அம்மா காலையில் என் பெயர் சொல்லிப் பேசினார். ஒரு மணி நேரமாக என்னை அடையாளம் தெரியவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது. நேற்றுதான் அறுவை சிகிச்சை நடந்தது. தொற்றோ என்று பயப்படுகிறேன். மருத்துவர் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. வேண்டுகோள் இல்லாத கவலையை "பார்க்கிறோம்" என்ற ஒரு சொல்லால் தள்ளிப் போட்டுவிட முடியும்.

அதற்கும் பலன் இல்லையென்றால் படிப்படியாகச் சொல்லை அழுத்தமாக்க வேண்டும், குரலை அல்ல. "எனக்குக் கவலையாக இருக்கிறது." "இதை இப்படியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை." "இது பாதுகாப்புப் பிரச்சினை, உங்கள் மேலதிகாரியிடம் பேச விரும்புகிறேன்." இந்த மூன்று படிகளும் மருத்துவப் பணியாளர்களுக்கே பயிற்சியில் கற்றுத்தரப்படுபவை. நேரத்தையும், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். "நான் சொன்னதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள்" என்று கேட்பதும் முறையானதுதான்.

யாருடைய விருப்பம்?

அன்பானவருக்காகப் பேசுகிறவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அவருக்குப் பதிலாக முடிவெடுக்கத் தொடங்கிவிடுவது. மருத்துவர் நோயாளியைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்கிறார். பெரிய நோயென்றால் "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று வெளியே வைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். பாசத்தால் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் தவறு என்றே நினைக்கிறேன். சுற்றியிருப்பவர்களின் முகத்தை வைத்தே நோயாளி ஊகித்துவிடுவார். பிறகு அந்தப் பயத்தை யாரிடமும் பேச முடியாமல் தனியாகச் சுமப்பார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்கலாம். "எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்" என்று அவர் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு.

பேச முடியாத நிலை வருவதற்கு முன் இந்த உரையாடல் நடந்திருக்க வேண்டும். நோயாளிக்காக முடிவெடுக்கும் உறவினர்கள் அவர் விருப்பத்தை எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, 68 விழுக்காடுதான் சரியாக இருந்தது. மூன்றில் ஒரு தடவை தவறு. கணவன் மனைவியாக எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், செயற்கைச் சுவாசம் பற்றி ஒருமுறையும் பேசியிராதவர்கள் ஏராளம். யார் உங்களுக்காகப் பேச வேண்டும் என்பதை எழுத்தில் குறித்து, அந்த நபரிடம் உங்கள் மனதைச் சொல்லிவைப்பது ஒரு மாலையில் முடிந்துவிடும்.

இவ்வளவையும் எழுதும்போது என்னை உறுத்துவது, யாரும் இல்லாமல் தனியாக மருத்துவமனைக்கு வருபவர்களின் நிலை. மயக்கத்திலோ வலியிலோ இருக்கும் ஒருவர் தனக்காகத் தானே வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முன்கூட்டியே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, மருத்துவர் வரும் நேரத்தில் தொலைபேசியில் இணைந்துகொள்ளும் நண்பர், மருத்துவமனையின் சமூகப்பணியாளர் ஆகியவை ஓரளவு உதவும். ஆனால் பொறுப்பு மருத்துவமனையின் பக்கமே இருக்க வேண்டும். மார்த்தா விதியில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது: மறுஆய்வு கேட்கும் உரிமையோடு, நோயாளியிடம் தினமும் "எப்படி இருக்கிறீர்கள், கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதற்குப் புதிய கருவியோ புதிய கட்டடமோ தேவையில்லை. மருத்துவமனை நிர்வாகங்களிடம் நோயாளிகளின் அமைப்புகள் எதையாவது முதலில் கேட்டு மனு எழுதுவதென்றால், இந்தத் தினசரிக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.